கறுப்பு மருதாணி: பெருநாள் கைகளுக்கு ஓர் எச்சரிக்கை

2012 ஆகஸ்ட் மாதம் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவில், மெஹந்தி கோன் இட்டவர்களுக்கு ஆபத்து என்ற வதந்தி தமிழகத்தில் பரவியது. சென்னை உட்படப் பல ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் மருத்துவமனைகளில் குவிந்தனர். அன்று வதந்திக்கு அஞ்சி ஓடிய நம்மில் பலர், உண்மையான ஆபத்தை இன்றும் அறியாமல் இருக்கிறோம்.

குறை மருதாணி இலையில் இல்லை. அதிலுள்ள லாசோன் என்னும் சாயம் செம்பழுப்பு நிறமே தரும். நன்றாகப் பிடிக்கச் சில மணி நேரம் ஆகும். சீக்கிரமே கன்னங்கரேலெனப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யிலும், அதைக்கொண்டு வரையும் தற்காலிக டாட்டூவிலும் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். இது தலைமுடிச் சாயத்தில் சேர்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் முடிச் சாயத்திலேயே இதை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூச அனுமதியே இல்லை.

இதன் ஒவ்வாமை உடனே தெரியாது. சில நாட்கள் கழித்தே, சிலருக்கு இரண்டு வாரம் வரை சென்றும், இட்ட கோலத்தின் வடிவிலேயே அரிப்பும் கொப்புளமும் எழும், தழும்பும் நிலைக்கலாம். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். சிறுவயதில் கையில் இட்ட கறுப்பு, பிற்காலத்தில் முடிச் சாயம் பூசும்போது முகம் வீங்கக் காரணமாகலாம்.

எனவே இயன்றவரை இலையை அரைத்தே இடுவோம். என்னென்ன சேர்த்தது என்று அச்சிடாத கோனை வாங்காதிருப்போம். அரிப்பு கண்டால் உடனே கழுவி, தோல் மருத்துவரிடம் காட்டுவோம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். தெரிந்தே அதற்குத் தீங்கு செய்ய மார்க்கத்தில் இடமில்லை.