எட்டு கெஜத்திலிருந்து நைட்டி வரை



நம் மொட்டை மாடிக் கொடிகளை ஒருநாள் நின்று பாருங்கள். லெக்கிங்ஸ், சுடிதார், நைட்டி, டி-ஷர்ட் என்று வரிசையாகக் காயும். நடுவே எப்போதாவது ஒரு நூல் சேலை தெரியும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு வீட்டுப் பாட்டியுடையது. அவர் இதுவரை என்னென்ன உடுத்தினார், ஏன் மாற்றினார் என்று கேட்டிருக்கிறீர்களா? எங்கள் அப்பத்தாவிடம் நான் கேட்டேன். அவர் சொன்னதில் பாதி வீட்டுக் கதை, பாதி நாட்டு வரலாறு.

அப்பத்தா 1934ல் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது துணிக்குக் கடும் தட்டுப்பாடு. 1943ல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது அவருக்கு 9 வயது. இருந்த ஒரு பாவாடையை நீளமாகத் தைத்து, அடியில் மூன்று டக் பிடித்திருந்தார்களாம். வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் கோடு தெரியும். "அந்தக் கோட்டை எண்ணித்தான் என் வயசைச் சொல்லுவாக" என்பார்.

1950ல் திருமணம். மாமியார் வீட்டில் எல்லோரும் கட்டியது பின்கொசுவம். எட்டு கெஜ நூல் சேலை, அதாவது ஏழு மீட்டருக்கும் மேல். கொசுவத்தைப் பின்னால் செருகி, முந்தானையை இடுப்பில் இழுத்துக் கட்டினால், நாற்று நடக் குனிந்தாலும் சேலை நழுவாது. மாமியார் கடைசிவரை ரவிக்கை போடவில்லை. மருமகள் போட்டதற்கு "மேனாமினுக்கி" என்று ஏச்சு விழுந்தது.

பெண்கள் என்ன உடுத்தலாம் என்பதை வீடு மட்டுமல்ல, ஊரும் சாதியும் அரசும்கூட முடிவு செய்த நாடு இது. அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரிப் பகுதியில், நாடார் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்கே பல ஆண்டுகள் போராடி, 1859ல்தான் அதற்கான அரசாணை கிடைத்தது.

அறுபதுகளில் தாத்தாவுக்கு மதுரையில் மில் வேலை கிடைத்தது. டவுனுக்கு வந்ததும் பின்கொசுவம் முன்கொசுவமானது, உள்பாவாடை வந்தது, எட்டு கெஜம் ஆறாகக் குறைந்தது. கடைகளில் கெஜக்கோல் போய் மீட்டர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒரு தீபாவளிக்குத் தாத்தா நைலான் சேலை வாங்கிக் கொடுத்தார். சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் அடுப்படியில் நிற்கப் பயம். அப்பத்தாவுக்குப் பிடித்ததென்னவோ மதுரைச் சுங்குடிதான்.

1971ல் தாத்தா இறந்தார். அப்பத்தாவுக்கு 37 வயது. பதினாறாம் நாள் உறவினர்கள் வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். பெட்டியிலிருந்த சுங்குடிகளை நாத்தனார்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பதினோரு வருடம் வெள்ளைதான்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அந்த வேலைகளில் கணவரை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அப்பத்தா ஒரு பள்ளியில் சமையல் உதவியாளர் ஆனார். முதல் சம்பளத்தில் அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடி வாங்கிக் கட்டினார். உறவினர்கள் கேட்டதற்கு, "வெள்ளையில விறகுக்கரி ஒட்டுது, துவைச்சு மாளல" என்றார். தெருவே ஒரு மாதம் பேசி ஓய்ந்தது. அவர் வெள்ளைக்குத் திரும்பவில்லை.

"கரிதான் காரணமா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"கரிக்குன்னா கறுப்புல்ல எடுத்திருப்பேன்!" என்று சிரித்தார்.

எழுபது வயதுக்கு மேல் எங்களோடு அடுக்ககத்துக்கு வந்தார். முழங்கால் வலியால் நைட்டிக்கு மாறினார். அழைப்பு மணி அடித்தால் மட்டும் தோளில் ஒரு துண்டு ஏறும்.

பாவாடையின் அளவைப் போர் முடிவு செய்தது. பின்கொசுவத்தை மாமியார் வீடும், வெள்ளையை உறவினர்களும் முடிவு செய்தார்கள். தன் காசில், தன் விருப்பத்துக்கு அவர் எடுத்த முதல் சேலை 48 வயதில்தான் கிடைத்தது. அது இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். பழைய புகைப்படம் இருந்தால், பின்புறம் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள். கூடவே, அந்தச் சேலையை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும்.