வாசகருக்கு வேதநாயகம் பிள்ளை சொன்ன செய்தி

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். அதற்கு 50 ஆண்டுகளுக்கு முன், 1879இல், தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்துவிட்டது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கரான இவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர்.

தமிழில் உரைநடைக் கதை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இதை எழுதியதாக முன்னுரையிலேயே வாசகர்களுக்குத் தெரிவித்தார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான அறிவிப்பு.

காதலும் வேடிக்கையும் கலந்த கதை இது. மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்ற பெரியவர்களின் பிடிவாதத்தால் பிரதாபன், ஞானாம்பாள் கல்யாணம் தடைபடுகிறது. பிறகு கணவனைத் தேடி ஆண் வேடத்தில் வரும் ஞானாம்பாளை விக்கிரமபுரி மக்கள் அரசனாக்குகிறார்கள். பெயர்தான் பிரதாபனுக்கு, கதை அவளுடையது.

தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் நடத்தும் வக்கீல்களையும் நாவல் சாடுகிறது. வெறும் பேச்சில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டவர் அவர். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

இரண்டாவது நாவல் ‘சுகுண சுந்தரி’ 1887இல் வந்தது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ வந்தது 1917இல். இங்கும் தொடக்கம் காதல்தான்.