பிறப்பில் விழுந்த எண்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் நம் காவிரிக்கரை வீடுகளில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஏணி நற்குணத்தையும் பாம்பு தீக்குணத்தையும் குறிப்பதாகப் பெரியோர் சொல்வர். ஆயினும் நாம் நகர்த்தும் காய்க்கெனத் தனிக்குணம் ஏதும் கிடையாது. எத்தனை ஏணிகள் ஏறினாலும் அது அதே காய்தான்.

குணமும் திறனும் உடைய காய் ஒன்றைச் சென்ற ஆண்டு நம் மாணவர் சிலர் நமக்கு அறிமுகப்படுத்தினர். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் அது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும் கதையை நடத்திச் செல்ல வேண்டும். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என மாந்தருக்கு ஆறு திறன்கள். மூன்று பகடைகளை உருட்டினால் 3 முதல் 18 வரை ஒரு திறனின் எண் கிடைக்கும். 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பே உண்டு. 10 அல்லது 11 விழுவதற்கோ நான்கில் ஒரு வாய்ப்பு.

பிறப்பில் விழுந்த இந்த எண் பின்னர் மாறுமா? இக்கேள்விக்கு ஆட்டவிதிகள் காலந்தோறும் சொன்ன விடைகள் ஒரு சிறு வரலாறாகவே அமைந்துள்ளன.

1974இன் விடை, ஏறத்தாழ 'மாறாது' என்பதே. அனுபவத்தால் மாந்தரின் படிநிலை உயரும்; போர்த்தேர்ச்சி கூடும். திறனெண் மட்டும், மாயப்பொருள் ஏதேனும் வாய்த்தாலொழிய, அசையாது. அதுமட்டுமன்று. தொழிலுக்குரிய முதன்மைத் திறன் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈட்டிய அனுபவப் புள்ளிகளோடு பத்து விழுக்காடு சேர்க்கப்பட்டது. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் இருபது விழுக்காடு கழிக்கப்பட்டது. உயர்வாகப் பிறந்தவன் விரைவாகவும் உயர்ந்தான்.

1985இல் வெளிவந்த ஒரு துணைநூல், பயிற்சியால் திறனெண் சிறிது சிறிதாக வளரும் வழியைத் திறந்தது. யாருக்கு? உயர்குடிப் பிறப்பைச் சிறப்பாகக் கருதிய குதிரைவீரர் வகைக்கு! அனைவருக்கும் அக்கதவு திறந்தது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். நான்கு படிநிலைகளுக்கு ஒருமுறை, தாம் விரும்பிய ஒரு திறனில் ஓர் எண் கூட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று. 2014இன் ஐந்தாம் பதிப்பு, குறித்த படிநிலைகளில் இரண்டு எண்களை வழங்கியது; பொதுவரம்பு 20. அப்போதும் பிறந்த இனத்துக்கென ஒரு கூடுதல் எண் எஞ்சியிருந்தது. 2024இன் திருத்தப் பதிப்பு அதனை இனத்திலிருந்து பிரித்து, மாந்தர் வளர்ந்த பின்னணியோடு சேர்த்துவிட்டது. ஐம்பதாண்டுக் காலப் பயணம் இது.

மனிதரின் பணியை எண்ணால் அளந்து எழுதிவைப்பது தஞ்சைக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் (985–1014) பெரிய கோயிலில் பொறித்துவைத்த நெடிய கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயர் பெயராகச் சொல்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். யார், எத்தெருவின் எச்சிறகில், எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார் என்பதும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் நூறு கலம் நெல். நட்டுவஞ் செய்தோருக்கு இரண்டு பங்கு. ஒருத்தி நன்றாக ஆடினாலும் சுமாராக ஆடினாலும் பங்கு ஒன்றே. எண் பணிக்கு உரியதாக இருந்தது. ஆளின் வளர்ச்சியோடு அது வளரவில்லை.

எனினும் அக்கல்வெட்டின் ஒரு விதி நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல், தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பணி செய்வித்துப் பங்கைப் பெறலாம். நெருங்கிய உறவினரே இல்லையெனில், அப்பணியில் இருப்போர் தகுதியானவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். நெல் பிறப்பின் வழியே செல்கிறது. பணியோ தகுதியின் வழியே செல்ல வேண்டும். பிறப்பு மட்டும் போதாது என்பதை அரசு ஆணையே ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் தகுதியற்றவர் பயின்று தகுதி பெறலாம் என்ற வாசகம் மட்டும் அவ்விதியில் இல்லை.

"எனக்கு இலக்கணம் பிறவியிலேயே வராது ஐயா" என்று ஆண்டுதோறும் எவரேனும் ஒரு மாணவர் நம்மிடம் வந்து சொல்வதுண்டு. பெரும்பாலும் அவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவராக இருப்பார். முதற்பருவ மதிப்பெண்ணைத் தம் திறனெண்ணாகவே எழுதி வைத்துக்கொள்கிறார். குற்றம் அவருடையது மட்டுமன்று. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியை வேறு மாணவரிடம் கேட்கும் ஆசிரியர்கள் நாமும்தான். உயர்ந்த எண்ணுக்குப் பத்து விழுக்காடு சேர்த்து, தாழ்ந்த எண்ணுக்கு இருபது விழுக்காடு கழிக்கும் 1974ஆம் ஆண்டு விதியை, ஆட்டமே கைவிட்ட பின்னரும் நாம் வகுப்பறையில் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்மையில் அவ்வாறு வந்த ஒருவரிடம், புணர்ச்சி விதிகளை நாளைக்கு ஒன்றாக எழுதி வரச் சொன்னோம். நான்கு வாரம் தவறாமல் எழுதி வந்தார். இப்போது பிழைகள் குறைந்துள்ளன. ஓர் எண் கூடியிருக்கிறது என்று சொல்லலாம்.