ஊதிய இழப்பு நிவாரணம், பெருந்தொற்றுக் காலம் (மேல்விஷாரம் – ஆம்பூர் தோல் வட்டாரம்)

நோய் பரவாமலிருக்க அரசே வேலையை நிறுத்தும்போது, கூலி இழந்தவர்களுக்கு அரசு வழங்கும் பணமும் பண்டமும் இத்தலைப்பில் அடங்கும். பாலாற்றுப் படுகையில் உள்ள மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் இது பல கிளைகளாக வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதை, இழந்த கூலியைவிட, வீட்டில் இருந்த அட்டையே பெரும்பாலும் முடிவு செய்தது.

இதற்கு முன் இப்பகுதி அறிந்த அரசு உதவி பஞ்ச நிவாரணம். 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தார் மண் சுமந்தும் கல் உடைத்தும்தான் அதைப் பெற்றனர். பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியையும் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். வேலை செய்தால் உதவி என்பது அன்றைய விதி. கொள்ளைநோய்க் காலத்தில் வேலை செய்வதே தடை. பம்பாய் பிளேக்கை ஒட்டி வந்த 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் மூல வாசகத்தில், செலவை யார் ஏற்பது என்று சொல்லுமிடத்தில் ‘இழப்பீடு ஏதுமிருப்பின்’ என்ற பொருளில் ஒரு தொடர் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. கூலி பற்றி அதில் பேச்சில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு முதல் சட்டப் பிடிமானம் 1953இல் கிடைத்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் அவ்வாண்டு ‘லே-ஆஃப்’ (தற்காலிக வேலைநிறுத்தி வைப்பு) இழப்பீடு சேர்க்கப்பட்டது: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி. ஓராண்டு தொடர் பணி வேண்டும். பதிலியாகவோ தற்காலிகமாகவோ வேலை பார்ப்பவருக்குக் கிடையாது. 50 பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்குப் பொருந்தாது. லே-ஆஃபுக்கான காரணங்களில் நிலக்கரித் தட்டுப்பாடு உண்டு, இயந்திரப் பழுது உண்டு, பின்னாளில் இயற்கைச் சீற்றமும் சேர்ந்தது. கொள்ளைநோய் என்று தனியே இல்லை.

தோல் வட்டாரத்தில் இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் ஒரு வாசலை மூடுகின்றன. ஏற்றுமதிக்குக் காலணி செய்யும் பெரிய கம்பெனியில் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பிடித்தம் உண்டு. ‘தோல் ஷாப்’ என்று ஊரார் சொல்லும் பதனிடும் இடங்களில் பல சிறியவை. அங்கே நாள்கூலியும் ஒப்பந்தக் கூலியும் கலந்திருக்கும். காலணியின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்துத் தரும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. அவர்கள் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஒரே வீட்டில் இந்த மூன்று வகையினரும் இருப்பது இங்கே புதுமையல்ல.

ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிறந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்தபோது, 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் தடையுத்தரவு வந்தது. அன்றே முதல்வர் பழனிசாமி 3,280 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார். அரிசி பெறும் ரேஷன் அட்டைக்கு (அரிசி அட்டை) 1,000 ரூபாய், ஏப்ரல் மாத ரேஷன் பொருட்கள் இலவசம். கட்டுமான, ஆட்டோ தொழிலாளர் நலவாரிய உறுப்பினருக்குக் கூடுதலாக 1,000 ரூபாய். பிற அமைப்புசாரா வாரியங்களுக்கும் அது பின்னர் நீண்டது. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென ஒரு வாரியம் இருப்பதால் இத்தொழிலின் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆனால் பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தவருக்குத்தான் அது பணமானது. ஜூனில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் ஊரடங்கு இறுகியபோது அங்கே இன்னொரு 1,000 ரூபாய் தரப்பட்டது. ராணிப்பேட்டை அதில் இல்லை.

மத்திய அரசின் மார்ச் 26 அறிவிப்பில், ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம், ஆளுக்கு 5 கிலோ தானியம் ஆகியவை இருந்தன. 100 பேர் வரை வேலை செய்யும் இடங்களில், அவர்களில் 90 விழுக்காட்டினர் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெற்றால், தொழிலாளி, முதலாளி இருவரின் பி.எஃப். பங்கையும் அரசே கட்டியது. ஆயிரம் பேர் தைக்கும் காலணிக் கம்பெனி இந்த எல்லைக்கு வெளியே. அங்கிருந்தவருக்குக் கிடைத்தது, தன் பி.எஃப். சேமிப்பிலிருந்தே திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணம் எடுக்கும் அனுமதி. அதை நிவாரணம் என்று அழைப்பது தாராளம்.

இழந்த சம்பளத்தை அளவுகோலாகக் கொண்ட திட்டம் இ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம். 2018இல் 25 விழுக்காடாகத் தொடங்கிய இது, 2020 மார்ச் 24 முதல் சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடாக உயர்ந்தது. அதிகபட்சம் 90 நாட்கள். வேலையே போனவருக்குத்தான் பொருந்தும். பெயர் பட்டியலில் இருந்து சம்பளம் மட்டும் வராமல் காத்திருந்தவர் கேட்க முடியாது.

அவருக்கென்றே வந்ததுபோல் இருந்தது மார்ச் 29 உள்துறை ஆணை: ஊரடங்கு நாட்களுக்கும் முழுச் சம்பளம் தரவேண்டும். சுமை முழுவதும் முதலாளி தலையில்; அரசின் பங்காக ஒரு ரூபாயும் இல்லை. சிறு முதலாளிகளால் தாங்க முடியாது என்பது அறிவித்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். மே 18 முதல் ஆணை விலக்கப்பட்டது. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி, முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது. இவ்வட்டாரக் காலணிகள் போய்ச் சேரும் ஜெர்மனியில், வேலைநேரம் குறைந்தவர்களுக்கு இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, பிள்ளைகள் இருந்தால் 67 விழுக்காட்டை, காப்பீட்டு நிதி கொடுத்தது. பிரிட்டனில் 80 விழுக்காடு வரை அரசு ஏற்றது.

இரண்டாம் அலையில் ஸ்டாலின் அரசு அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயை 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாகத் தந்தது; இரண்டாம் தவணையோடு 14 மளிகைப் பொருட்களும் வந்தன. ஏறத்தாழ 2.07 கோடி குடும்பங்களைச் சென்றடைந்த இது, 2020இன் 1,000 ரூபாயைப் போலவே, வீட்டிலிருந்து தைத்த பெண்ணின் கைக்கும் தடையின்றி வந்தது. காரணம், அவள் தொழிலாளி என்று யாரும் அத்தாட்சி தரவேண்டியிருக்கவில்லை.

தொழில் தகராறுகள் சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும், லே-ஆஃப் இழப்பீடு பெற ஒரு தொழிற்சாலையில் குறைந்தது 50 பேர் இருக்க வேண்டும்.