ஜப்பானில் தரவரிசை வழக்கம்

விரும்பிய படைப்புகளை வரிசைப்படுத்தும் ரசிக வழக்கம் ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறியது. 1919-இல் டோக்கியோவின் தொழில்நுட்ப மாணவர் நால்வர், திரைப்படத்தின்மீது கொண்ட ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு தொடங்கிய 'கினெமா ஜுன்போ' என்னும் இதழ், 1924 முதல் ஆண்டின் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அயல்நாட்டுப் படங்களையே கருத்தில் கொண்டது. உள்நாட்டுப் படங்களுக்கு 1926-இல்தான் தனி வரிசை கிடைத்தது என்பது, அக்கால மாணவரின் சுவை எத்திசை நோக்கியிருந்தது என்பதற்குத் தெளிவான சான்றாகும். போர்க்காலத்தில் தடைப்பட்டுப் பின்னர் மீண்ட இவ்வழக்கத்தில், விமர்சகர் வாக்குக்கு அருகே வாசகர் வாக்கும் தனியிடம் பெற்றது. பின்வந்த ஆய்வாளருக்கு இவ்விரண்டின் வேறுபாடே பெருஞ்செல்வம்.

வீடியோ கேம்களுக்கு இதே பணியை, 1986-இல் தோன்றிப் பின்னர் 'ஃபாமிட்சு' எனப் பெயர்பெற்ற இதழ் ஏற்றது. விமர்சகர் நால்வர் தலைக்குப் பத்து மதிப்பெண் வரை வழங்கும் அதன் முறையில், முழு நாற்பதை முதன்முதலில் எட்டியது 1998-இல் வெளிவந்த, செல்டா வரிசையைச் சேர்ந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்'. எனினும் 2006-இல் வாசகர் வாக்களித்த நூறு விளையாட்டுகளின் பட்டியலில் 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையின் பத்தாம் பகுதியே முதலிடம் பெற்றது.