குண்டை நிறுத்தார்கள், காணாமல் போன ஈயத்தைத் தேடவில்லை

இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. வேட்டைத் துப்பாக்கியில ஆரம்பிக்கும், ஆனா ஸ்கேன் அறையில வந்து நிற்கும். பொறுமையா வாசிங்க.

1946. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் ஒரு ஆண் மூஸைச் சுடுகிறார். மான் இனத்திலேயே பெரியது மூஸ், நல்ல குதிரை அளவு இருக்கும். குறி தப்பவில்லை, ஆனால் விலங்கு விழவில்லை. அதன் உடம்பெல்லாம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதிவேகக் குண்டு அதில் பட்டுத் தோலுக்குப் பக்கத்திலேயே சிதறிவிட்டது. இதயம், நுரையீரல் வரைக்கும் போகவே இல்லை.

ஏன் சிதறியது? ஒரு காலத்தில் குண்டு வெறும் ஈயம். 1880களில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் வேகம் எகிறியது. ஈயம் மென்மையான உலோகம் இல்லையா, அந்த வேகத்தைத் தாங்காமல் துப்பாக்கிக் குழாயிலேயே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. அதனால் மேலே செம்பு உறை போட்டார்கள். முழுசா உறை போட்டால் வேறொரு சிக்கல். குண்டு ஊசி மாதிரி உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். முனையில் மட்டும் உறையை விட்டுவிட்டால் ஈயம் பூ மாதிரி விரியும்.

இதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. இப்படி விரியும் குண்டை 1890களில் பிரிட்டிஷ் படைக்காகச் செய்தது கல்கத்தா பக்கத்திலிருந்த டம்டம் ஆயுத ஆலை. 'டம்டம் குண்டு' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. 1899 ஹேக் பிரகடனம் போரில் இந்த வகைக்குத் தடை போட்டது. வேட்டையில் கதை அப்படியே தலைகீழ். இங்கிலாந்தின் 1991 மான் சட்டப்படி ரைஃபிளால் மானைச் சுடுவதென்றால் விரியும் குண்டுதான் இருக்கணும். சிப்பாய்க்குக் கொடுமை என்று ஒதுக்கியது மானுக்குக் கருணையாகிவிட்டது!

சரி, நோஸ்லருக்கு வருவோம். ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் செம்பாலேயே ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி விரிந்து உடையும், பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும். 'பார்ட்டிஷன்' என்று பெயர் வைத்து, 1948-ல் கம்பெனி ஆரம்பித்தார். அவர் விற்றது முழுத் தோட்டா இல்லை, குண்டு மட்டும்தான். வாங்கியவர்கள், வீட்டில் தாங்களே தோட்டா தயாரிக்கும் வேட்டைக்காரர்கள்.

இந்த ஆட்களின் நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அளவு பார்த்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை ஒரே ஆழத்தில் பொருத்துவார்கள். அவர்களுடைய அலகு 'கிரெயின்', கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். எங்க மருந்துக்கடைத் தராசிலும் இருந்த அலகுதான். ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம் என்று விநோதமான அளவில் வருதே, அது பழைய ஐந்து கிரெயின். இவர்கள் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நிறுப்பார்கள்.

சுட்ட பிறகும் விடமாட்டார்கள். நனைத்த செய்தித்தாள் கட்டில் சுட்டு, குண்டைத் தோண்டியெடுத்து மறுபடி தராசில் வைப்பார்கள். உதாரணத்துக்கு, 150 கிரெயின் குண்டில் 90 மிஞ்சினால் "60 சதவீதம் தங்கியிருக்கு" என்று குறித்துக்கொள்வார்கள்.

மீதி 60 கிரெயின்? அது கிட்டத்தட்ட நாலு கிராம், பெரும்பாலும் ஈயம். தாளில் சுட்டால் தாளில் கிடக்கும். மானில் சுட்டால்?

கறியில கிடக்கும்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது பறவைகள். கலிஃபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1982-ல் உலகத்திலேயே 22தான் மிச்சம். கூண்டில் வளர்த்து மறுபடி காட்டில் விட்டபோதும் ஈய நஞ்சால் செத்தன. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலும் கழிவும்தான் அவற்றின் சாப்பாடு.

2008. வடக்கு டகோட்டா மாநிலத்தில் வில்லியம் கார்னாட்சர் என்ற தோல் மருத்துவர். தானும் வேட்டையாடுபவர், பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேட்டைக்காரர்கள் தானம் செய்த மான் கொத்துக்கறியில் நூறு பொட்டலங்களை சி.டி. ஸ்கேனில் வைத்தார். பாதிக்கும் மேல் உலோகத் துகள் மின்னியது. மாநில சுகாதாரத் துறை தானக் கறியை நிறுத்தச் சொன்னது.

வேட்டைச் சங்கங்கள் கொதித்தன. பறவை ஆள் பரப்பும் பீதி என்றார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. வேட்டைக்கறி சாப்பிட்டவர்களுக்கு ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் கூடுதல். அன்றைய எச்சரிக்கை அளவான 10-ஐ யாரும் தொடவில்லை. "பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை" என்றது ஒரு தரப்பு. இதில் நான் அந்தப் பக்கம் இல்லை. பெரியவர்களின் குடல் ஈயத்தில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும், குழந்தையின் குடல் பாதி வரைக்கும் உறிஞ்சும். வளரும் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டால் வேட்டையாடிய மான்கறியைத் தொடவேண்டாம் என்று அந்த மாநிலம் சொன்னது சரிதான்.

"தசையில குண்டோட வருஷக்கணக்கா வாழறாங்களே டாக்டர்?" என்று கேட்பீங்க. உண்மைதான். தசையில் அதைச் சுற்றித் தழும்பு மூடிவிடும், பெரும்பாலும் நாங்களும் தோண்டுவதில்லை. ஆனால் வயிற்றில் அமிலம் இருக்கு. துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு வேகமாகக் கரையும்.

இதில் வேடிக்கை, தீர்வு ஏற்கெனவே கடையில் இருந்தது. 1980களின் கடைசியிலேயே பார்ன்ஸ் கம்பெனி ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்துவிட்டது. நஞ்சுக்குப் பயந்து இல்லை, நோஸ்லரின் அதே பழைய தலைவலிக்காக: உடையாமல் ஆழமாகப் போகணும். ஈயத்தைவிடச் செம்பு லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும், கூட்டுக்குள் இடம் குறையும், பழைய அளவுக் குறிப்புகள் செல்லாது. வீட்டுத் தயாரிப்பாளர்கள் முதலிலிருந்து நிறுக்க ஆரம்பித்தார்கள். பலர் முணுமுணுத்துக்கொண்டேதான்.

2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மான் வேட்டைக்கு இன்றும் தடையில்லை.