தோள்சீலைப் போராட்டம்

திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டில் நடந்த போராட்டம். 'தோள்சீலைக் கலகம்' என்றும் வழங்கும். இன்றைய குமரி மாவட்டமே இதன் முதன்மைக் களம். பழைய கல்குளம் வட்டாரத்தில் 1822இல் மோதல்கள் வெடித்தன.

மார்த்தாண்ட வர்மர் 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தபின், மன்னர்கள் 'பத்மநாப தாசர்' என்ற பெயரில் ஆண்டனர். இதனால் சாதி வழக்கம் தெய்வ ஆணையின் தோற்றம் பெற்றது; அதை மீறியவர் அரசுக்கு மட்டுமன்றிக் கடவுளுக்கும் குற்றவாளியாகக் கருதப்பட்டார். இவ்வழக்கம் மனிதர் வகுத்ததே என்பதற்கு ஆணைகளின் தடுமாற்றமே சான்று. ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோ காலத்தில் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை அனுமதிக்கப்பட்டது. 1829 ஆணை மேலாடையை மறுத்தது. சென்னை ஆளுநர் டிரெவல்யனின் அழுத்தத்தால் 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் தடையைத் தளர்த்தினார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த அனுமதி இல்லை.